கார் பெயின்ட்டுக்கு பிலிமா, செராமிக் கோட்டிங்கா? – வணிகர்களுக்கு ஒரு விளக்கம்

சென்ற கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில், நம் உறுப்பினர் ஒருவர் வெளியே நிறுத்தியிருந்த தம் காரின் பானெட்டைக் காட்டி வருத்தப்பட்டார். அவர் மளிகை மொத்த வியாபாரி. புளி, கடுக்காய், தேன் கொள்முதலுக்காகக் கல்வராயன் மலைக்கு மாதம் இரண்டு மூன்று தடவை போய் வருபவர். கார் வாங்கி நான்கு மாதம்தான் ஆகிறது. "செராமிக் கோட்டிங் போட்டுக்கொள்ளுங்கள், கல் பட்டாலும் கீறல் விழாது, ஐந்து வருடத்துக்குக் கவலை இல்லை" என்று வெளியூர்க் கடை ஒன்றில் சொன்னதை நம்பி 28,000 ரூபாய் கொடுத்துப் போட்டிருக்கிறார். ஒரு நாள் உளுந்தூர்ப்பேட்டை சாலையில் ஜல்லி லாரி ஒன்றின் பின்னால் சென்றபோது பானெட்டில் ஏழு இடங்களில் பெயின்ட் பெயர்ந்துவிட்டது. இரண்டு இடங்களில் தகரமே தெரிந்தது. கடையில் போய்க் கேட்டால், உத்தரவாத அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்களாம். கல்லடி இதில் சேராது என்று சிறிய எழுத்தில் அங்கே அச்சிட்டிருந்தது.

"பணம் போனதுகூடப் பரவாயில்லை. நானும் ஒரு வியாபாரிதானே, என்னிடமே இப்படிப் பேசி விற்றுவிட்டார்களே" என்றார் அவர்.

அப்போது அங்கே நின்றிருந்த இன்னொரு உறுப்பினர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். அவர் கார் அலங்காரப் பொருள் கடை நடத்துபவர். பிறகு, "அண்ணாச்சி, நானும் அப்படிச் சொல்லித்தான் விற்கிறேன். கம்பெனி ஆள் எனக்குச் சொன்னதை நான் வாடிக்கையாளருக்குச் சொல்கிறேன். அது சரியா தப்பா என்று நான் யோசித்ததே இல்லை" என்றார். வாங்கியவருக்கும் தெரியவில்லை, விற்பவருக்கும் தெரியவில்லை. இருவருக்கும் பயன்படட்டும் என்றே இவ்விஷயத்தை விசாரித்து இங்கே எழுதுகிறோம்.

1. முதலில் பெயின்ட்டைப் பற்றி

அம்பாசடர் கார் ஓடிய காலத்தில் நம் வீட்டுக் காருக்குப் பாலிஷ் போட்டால், காரின் நிறமே துணியில் ஒட்டி வரும். அன்றைய பெயின்ட்டில் மேலடுக்கும் நிறமும் ஒன்றே. மங்கிப்போன மேல்தோலைத் தேய்த்து எடுத்தால் உள்ளே இருப்பது பளிச்சென்று தெரியும். இன்றைய கார்கள் அப்படியில்லை. தகரத்தின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலாக நிறமற்ற கிளியர் கோட் என்று நான்கு அடுக்குகள் இருக்கின்றன. வெயிலைத் தாங்குவதும் பளபளப்பைத் தருவதும் இந்தக் கிளியர் கோட்தான்.

நான்கு அடுக்கும் சேர்ந்தால் சுமார் 100 முதல் 150 மைக்ரான் கனம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டால் அதில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமயிர் ஒன்றின் கனம் ஏறக்குறைய 70 மைக்ரான். அதாவது காரின் மொத்தப் பெயின்ட்டும் இரண்டு தலைமயிரின் கனம்தான். அதிலும் கிளியர் கோட்டின் பங்கு 40 அல்லது 50 மைக்ரான். ஒவ்வொரு தடவை மெஷின் பாலிஷ் போடும்போதும் இதில் ஓரிரு மைக்ரான் தேய்ந்து போகிறது. வருடாவருடம் பாலிஷ் போட்டுப் பளபளப்பைக் காப்பாற்றுவது, முதலை எடுத்து வீட்டுச் செலவு செய்வதற்கு ஒப்பாகும். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் மேலே சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

2. பிலிம் என்பது என்ன?

பி.பி.எஃப். என்று கடைகளில் சொல்லப்படுவது பெயின்ட்டின் மேல் ஒட்டும் நிறமற்ற பிலிம். பாலியூரித்தேன் என்னும் ரப்பர் போன்ற பிளாஸ்டிக்கால் ஆனது. இதன் பிறப்பு காருக்காக அல்ல. 1960-களில் வியட்நாம் போரின்போது ஹெலிகாப்டர் இறக்கைகளின் முனையை மணலும் கல்லும் அரித்துத் தின்றன. அதைத் தடுக்க அமெரிக்காவின் த்ரீ எம் நிறுவனம் கொண்டுவந்த ஒட்டுப்படலமே பின்னாளில் பந்தயக் கார்களுக்கு வந்து, பிறகு நம் கார்களுக்கும் வந்தது. ஆகவே கல்லடியைத் தாங்குவதற்கென்றே பிறந்த சரக்கு இது.

கனம் 150 முதல் 200 மைக்ரான். காரின் மொத்தப் பெயின்ட்டைவிட இது கனமானது. கல் வந்து மோதும்போது பிலிம் சற்று அமுங்கி, அடியின் வேகத்தைப் பரப்பி வாங்கிக்கொள்கிறது. நல்ல பிலிமின் மேலடுக்கில் விழும் மெல்லிய கீறல்கள், காரை வெயிலில் நிறுத்தினாலோ வெந்நீர் ஊற்றினாலோ தாமாகவே மறையும். நம் பேரேட்டுக்கு மேலட்டை போடுவது போலத்தான் இதுவும். அட்டை கிழியலாம், கணக்கு கெடாது.

குறைகளும் உண்டு. விலை அதிகம். ஒட்டுபவரின் கைத்திறமையை முழுக்க நம்பியிருக்கிறது. விளிம்பு தூக்கினால் தூசி ஏறிக் கறுப்புக் கோடாகத் தெரியும். மட்டமான சரக்கு ஓரிரு வருடத்தில் மஞ்சளாகும். பி.வி.சி. கலந்த மலிவுப் பிலிமை டி.பி.யு. பிலிம் என்று சொல்லி விற்பவர்களும் சந்தையில் இருக்கிறார்கள். கூரிய பெரிய கல் வேகமாக வந்தால் நல்ல பிலிமும் கிழியும். ஆனால் கிழிந்த அந்தப் பாகத்துக்கு மட்டும் பிலிமை மாற்றிக்கொள்ளலாம்.

3. செராமிக் கோட்டிங் என்பது என்ன?

இது சிறு பாட்டிலில் வரும் திரவம். மணலில் இருக்கும் சிலிக்காவோடு உறவுள்ள ரசாயனம். துணியால் பூசித் துடைத்தெடுத்தால், காற்றில் உள்ள ஈரத்தோடு சேர்ந்து கிளியர் கோட்டின் மேல் கண்ணாடி போல் இறுகுகிறது. சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் உருண்டு ஓடுமே, அதைப்போல் காரின் மேலும் ஓடும். சேறும் தூசியும் எளிதில் ஒட்டுவதில்லை, ஒட்டினாலும் கழுவினால் போய்விடும். பளபளப்பு கூடும். வெயிலால் மங்குவதும் ஓரளவு குறையும். பறவை எச்சம் பட்டால் பெயின்ட்டை உடனே தின்னாமல் நமக்குச் சற்று அவகாசம் கிடைக்கும். இவை எல்லாம் உண்மையான நன்மைகள், குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இதன் கனம் ஒன்று அல்லது இரண்டு மைக்ரான். கிளியர் கோட்டின் கனத்தில் நாற்பதில் ஒரு பங்கு, மிஞ்சினால் இருபதில் ஒரு பங்கு. மூன்று கோட் பூசினாலும் ஐந்தாறு மைக்ரானைத் தாண்டுவது கடினம். ஜல்லிக்கல்லை இது எப்படித் தாங்கும்?

"9 எச் கடினம்" என்று பெட்டியில் போட்டிருக்கிறதே என்று உறுப்பினர்கள் கேட்கலாம். இங்கேதான் பலர் ஏமாறுகிறோம். பத்துக்கு ஒன்பது, வைரத்துக்கு அடுத்த கடினம் என்று இதற்குப் பொருள் சொல்கிறார்கள். அது தவறு. இது பென்சில் சோதனையின் அளவு. பள்ளிப் பிள்ளைகள் எச்.பி., 2 எச் என்று பென்சில் வாங்குகிறார்கள் அல்லவா? அந்த வரிசையில் மிகக் கடினமான பென்சில் 9 எச். அந்தப் பென்சிலால் கோடிழுத்தாலும் பூச்சில் கீறல் விழவில்லை என்பதே அதன் பொருள். பென்சிலுக்குத் தாங்கும், சாவிக்கொத்துக்கும் கல்லுக்கும் தாங்காது. வைரத்துக்குப் பத்து மதிப்பெண் கொடுக்கும் மோஸ் அளவு வேறு, இது வேறு.

இன்னொன்று. பூசுவதற்கு முன் பெயின்ட்டில் என்ன இருக்கிறதோ அதன் மேல்தான் கோட்டிங் இறுகும். வட்டவட்டமான கீறல்கள் இருந்தால் அவற்றையும் சேர்த்தே மூடிவிடும். எனவே முதலில் கீறல்களைப் பாலிஷ் செய்து எடுப்பது அவசியம். கோட்டிங்கின் விலையில் பெரும்பகுதி இந்த உழைப்புக்கே போகிறது. அதைச் செய்யாமல் அரை நாளில் காரைத் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்றால், நாம் கொடுத்த காசு பாட்டிலுக்கு மட்டும்தான்.

4. நம் வட்டாரத்தில் பெயின்ட்டைக் கெடுப்பது எது?

எந்தச் சரக்கு வாங்குவது என்பதற்கு முன், நம் காரை எது கெடுக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நெடுஞ்சாலை: சேலம்–உளுந்தூர்ப்பேட்டை சாலையில் அடிக்கடி போகிறவர்களுக்கு முன்னால் போகும் லாரியின் டயர் எற்றும் கல்தான் எதிரி. வேகம் இரு மடங்கானால் கல்லடியின் பலம் நான்கு மடங்காகும். நாற்பதில் போகும்போது உரசிவிட்டுப் போகும் கல், எண்பதில் போகும்போது பெயின்ட்டைப் பெயர்க்கும். அடி விழுவது பம்பர், பானெட், பக்கக் கண்ணாடிகளின் முதுகு ஆகிய இடங்களில். இதற்குப் பிலிம் ஒன்றே மருந்து.

மலைச்சாலை: கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக வெள்ளிமலைக்கு ஏறுகிறவர்கள் மெதுவாகத்தான் போக முடியும். அங்கே முன்பக்கக் கல்லடியைவிடப் பக்கவாட்டுச் சேதமே அதிகம். எதிரே வரும் பஸ்ஸுக்கு ஒதுங்கும்போது உண்ணிச்செடியும் முட்புதரும் கதவைக் கீறுகின்றன. கிராமத்துக்குள் போகும் மண்பாதையில் நம் டயரே எற்றும் சரளை கதவின் கீழ்ப்பகுதியைத் தாக்குகிறது. சமவெளியில் கரும்பு டிராக்டரைக் கடக்கும்போது தோகை உரசுவதும் இந்த வகைதான். முழுக் காருக்கும் பிலிம் ஒட்ட வசதியில்லாதவர்கள், கதவுகளின் கீழ்ப்பகுதிக்கும் சக்கரங்களின் பின்புறத்துக்கும் கதவு விளிம்புக்கும் மட்டும் பட்டையாக ஒட்டிக்கொள்ளலாம்.

உமிச் சாம்பலும் உலர்துணியும்: நெல் அரவை ஆலைகள் உள்ள நம் வட்டாரத்தில் இதுவே பெரிய எதிரி. ஆனால் யாரும் கவனிப்பதில்லை. உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காதான். இரவில் காரின் மேல் படியும் அந்தச் சாம்பலையும் சாலைத் தூசியையும் காலையில் கடைப் பையன் உலர்ந்த துணியால் அழுத்தித் துடைக்கிறான். அது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். வெயிலில் காரைப் பார்த்தால் சிலந்திவலை போல் தெரியும் கீறல்கள் பெரும்பாலும் இப்படி வந்தவையே. இதிலிருந்து கோட்டிங் முழுமையாகக் காப்பாற்றாது. முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்கிவிட்டு, பிறகு ஷாம்பு நீரும் மைக்ரோஃபைபர் துணியும் கொண்டு துடைப்பதே வழி. இதற்குச் செலவு ஏதுமில்லை.

உப்புநீர்: ஆழ்துளைக் கிணற்று நீரில் கழுவிக் காரை வெயிலில் விட்டால், ஒவ்வொரு துளியும் காய்ந்து வெள்ளை வளையமாக நிற்கும். கோட்டிங் போட்ட காரில் தண்ணீர் துளித்துளியாக உருள்வதால், துடைக்காமல் விட்டால் வளையங்கள் இன்னும் தெளிவாகத் தெரியும். நாள்பட்டால் போகாது. கோட்டிங் போட்டவர்கள் நிழலில் கழுவி உடனே ஈரத்தைத் துடைத்தெடுக்க வேண்டும்.

5. கணக்குப் போட்டுப் பார்ப்போம்

விலை ஊருக்கு ஊர், காருக்குக் கார், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கணக்குக்காக மட்டும் இப்படி வைத்துக்கொள்வோம்: முழுக் காருக்கும் பிலிம் 1,00,000 ரூபாய், முன்பகுதிக்கு மட்டும் பிலிம் 35,000, செராமிக் கோட்டிங் 25,000, பானெட், பம்பர் இரண்டுக்கும் பட்டறையில் மறுபடி பெயின்ட் அடிக்க 12,000. காரை ஆறு வருடம் வைத்திருந்து விற்கிறோம்.

டவுனுக்குள் கடைக்கும் வீட்டுக்கும் ஓட்டி, எப்போதாவது கல்யாணத்துக்கு வெளியூர் போகும் ஒருவர் முழுப் பிலிம் ஒட்டினால் ஒரு லட்சம் செலவு. ஒட்டாமல் விட்டு, ஆறு வருடத்தில் இரண்டு தடவை முன்பகுதிக்குப் பெயின்ட் அடித்தாலும் 24,000-தான். இவருக்குப் பிலிம் தேவையில்லை. கழுவும் வேலை குறைய வேண்டும், பளபளப்பு வேண்டும் என்றால் கோட்டிங் போடலாம். அதுவும் இல்லாமல் முறையாகக் கழுவி வந்தாலே போதும்.

வாராவாரம் சேலத்துக்கோ சென்னைக்கோ கொள்முதலுக்குப் போகிறவர் நிலை வேறு. முன்பகுதிப் பிலிமின் 35,000 ரூபாயை 72 மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் 500 ரூபாய்க்கும் குறைவு. இரண்டு தடவை பெயின்ட் அடிக்கும் 24,000 ரூபாயோடு, பட்டறையில் கார் நிற்கும் நாட்களையும் சேர்க்க வேண்டும். விற்கும்போது வருகிறவர் பெயின்ட் கனமானியை வைத்துப் பார்த்து, "பானெட் மறுபெயின்ட்" என்று விலை குறைப்பதையும் சேர்க்க வேண்டும். அப்போது முன்பகுதிப் பிலிம் நஷ்டமில்லை. மற்ற பாகங்களுக்கு விருப்பமிருந்தால் கோட்டிங் போடலாம். பிலிமின் மேலும் கோட்டிங் பூசலாம். ஆனால் முதலில் பிலிம், பிறகே கோட்டிங். கோட்டிங்கின் மேல் பிலிம் சரியாக ஒட்டாது.

வரி, காப்பீடு பற்றியும் இரண்டு வார்த்தை. ஓட்டுநர் உட்பட 13 பேருக்கு மேற்படாத பயணிகள் வாகனத்தை நாம் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்தால், அதன் பராமரிப்புக்குச் செலுத்தும் ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரி வரவாக எடுக்க முடியாது. சட்டத்தின் 17(5) பிரிவு தடுக்கிறது. கடை பெயரில் பில் வாங்கினால் வரி திரும்பிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சரக்கு வாகனத்துக்கு இந்தத் தடை இல்லை. காப்பீட்டில் சிறு பெயின்ட் சேதத்துக்கு இழப்பீடு கோரினால், அந்த வருடத்தோடு நோ-கிளெய்ம் போனஸ் போய்விடும். கோரும் தொகையையும் இழக்கும் போனஸையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கோருவது நல்லது. பிலிம் கம்பெனியிலிருந்து காரோடு வந்ததல்ல என்பதால், விபத்தில் அதற்கு இழப்பீடு உண்டா என்பதை முன்னதாகவே காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளவும்.

6. வேலையை ஒப்படைக்கும்போது கவனிக்க வேண்டியவை

1. பிலிம் சுருளைப் பெட்டியோடு நம் முன்னால் பிரிக்கச் சொல்ல வேண்டும். சுருள் வழக்கமாக 1.52 மீட்டர் அகலம், 15 மீட்டர் நீளம். அதன் வரிசை எண்ணை பில்லில் எழுதி வாங்க வேண்டும்.

2. காரின் மேலேயே பிளேடு வைத்து வெட்டினால் பெயின்ட்டில் கோடு விழலாம். கம்ப்யூட்டர் அளவில் முன்கூட்டியே வெட்டி ஒட்டுகிறார்களா என்று கேட்க வேண்டும்.

3. பட்டறையில் மறுபெயின்ட் அடித்த பாகம் இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். பிலிமை உரிக்கும்போது அந்தப் பெயின்ட்டும் சேர்ந்து வரக்கூடும். புதிதாக அடித்த பெயின்ட் நன்றாக உலர ஒரு மாதமாவது விட வேண்டும்.

4. கோட்டிங் என்றால், தூசியில்லாத மூடிய அறை இருக்கிறதா என்று நேரில் பார்க்க வேண்டும். பூசிய பிறகு முதல் ஒரு நாள் தண்ணீர் படக்கூடாது. ஒரு வாரம் ஷாம்பு போட்டுக் கழுவக்கூடாது.

5. உத்தரவாத அட்டையின் பின்பக்கத்தை முதலில் படிக்க வேண்டும். பிலிமுக்கு மஞ்சளாதல், வெடித்தல், குமிழ் விடுதல் ஆகியவற்றுக்கு உத்தரவாதம் தருவார்கள். கல்லால் கிழிந்ததற்குப் பொதுவாகத் தருவதில்லை. கோட்டிங்குக்கு வருடாந்திரப் பராமரிப்புக்கு வராவிட்டால் உத்தரவாதம் ரத்து என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். அந்தப் பராமரிப்புச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

6. நிறம் மாற்றும் பிலிம் ஒட்ட நினைப்பவர்கள், காரின் நிறம் பதிவுச் சான்றிதழில் இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முறைப்படி மாற்றாமல் ஒட்டக்கூடாது.

7. விற்கும் உறுப்பினர்களுக்கு

பாட்டில் சிறியது, லாபம் பெரியது, அதனால் கோட்டிங்கைத் தள்ளிவிட ஆசை வருவது இயற்கை. ஆனால் "கல் பட்டாலும் ஒன்றும் ஆகாது" என்ற ஒரு பொய் வார்த்தை போதும், வாடிக்கையாளர் ஐந்தாவது மாதம் நம் கடை வாசலில் வந்து நிற்பார். 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், சரக்கின் தரத்தைப் பற்றி வாயால் சொன்ன பொய்யும் முறையற்ற வணிகமே. வாடிக்கையாளர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடினால், கம்பெனி ஆள் சொன்னதைச் சொன்னேன் என்ற பதில் நம்மைக் காப்பாற்றும் என்று நம்பியிருக்க முடியாது. 2019 நவம்பரில் தனி மாவட்டமான பின்னும் கள்ளக்குறிச்சி ஒருவரையொருவர் முகம் பார்த்துப் பழகும் ஊர்தான். இங்கே ஒரு வாடிக்கையாளரை இழப்பது ஒரு தெருவை இழப்பதாகும்.

ஆகவே கார் எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது, யார் கழுவுகிறார்கள், எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள் என்ற நான்கு கேள்விகளைக் கேட்டுவிட்டு, பிறகு சரக்கைக் காட்டுங்கள். "உங்களுக்கு இது தேவையில்லை" என்று ஒருவரிடம் சொல்லி அனுப்பினால், அவர் இன்னும் பத்துப் பேரை அனுப்புவார்.

8. முடிவாக

கல்லடிக்குப் பிலிம், கழுவும் எளிமைக்கும் பளபளப்புக்கும் கோட்டிங். ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. இரண்டும் இல்லாவிட்டாலும் உலர்துணியைக் கைவிட்டாலே பாதி பெயின்ட் பிழைக்கும்.

மளிகை வியாபாரி உறுப்பினருக்கு நாம் சொன்ன யோசனை இதுதான்: தகரம் தெரிந்த இரண்டு இடங்களையும் மழைக்கு முன் டச்-அப் பெயின்ட் வைத்து மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் துரு உள்ளே பரவும். பிறகு பானெட்டுக்கும் கதவின் கீழ்ப்பகுதிக்கும் மட்டும் பிலிம் ஒட்டுங்கள். ஒட்டும் இடத்தில் உள்ள கோட்டிங்கை முதலில் எடுத்துவிடச் சொல்லுங்கள். அவர் அந்த வேலையைக் கூட்டத்தன்று பேசாமல் நின்ற அந்த உறுப்பினரின் கடையிலேயே கொடுத்திருக்கிறார். அந்தக் கடையில் இப்போது விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் ஒரு சிறு பலகை தொங்குகிறது: "செராமிக் கோட்டிங் கல்லடியைத் தாங்காது. கேட்டு வாங்கவும்."